தெற்கு லைன் தாங்காது

உங்கள் அறை டியூப் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, சார். ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள். இப்படி ஒன்றைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வேலை அப்படி.

ஊருக்கு மின்சாரம் வரும் லைன்களில் எது முதலில் கைவிடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். சொன்ன இடத்தைச் சரிசெய்துவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்? தெற்கு லைன் இந்த வெயிலைத் தாங்காது என்று கரடியாகக் கத்தினேன். "இதுவரைக்கும் யாருக்காவது ஏதாச்சும் ஆச்சாய்யா?" என்று மேலதிகாரி சிரித்தார்.

அண்ணன் அதற்கும் மேல். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினை நம்பிப் படுத்திருப்பவர். அவர் வீட்டுக்குக் கரண்ட் தெற்கு லைனில்தான் வருகிறது. நான் உள்ளே நுழைந்தாலே, "பூச்சாண்டி வந்துட்டான், மெழுகுவத்திய எடுத்து வை" என்பார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. அண்ணன் என்றால் எனக்கு உயிர்.

அன்று காலை அண்ணி போன் செய்தார்.

"தம்பி, இன்வெர்ட்டர் பேட்டரி சரியா நிக்க மாட்டேங்குது. கடைக்காரர் எடுத்துட்டுப் போயி சாயங்காலம் தரேங்கிறார். இன்னைக்குக் கரண்ட் போகாதுல்ல?"

எதிரே திரையில் தெற்கு லைனின் சுமை ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானத்தைத் தாண்டாது என்று தெரிந்தது.

"குடுத்து அனுப்புங்க அண்ணி. நான் இருக்கேன்ல."

"நீ சொன்னா சரிதான் தம்பி."

நான் எதையும் தொடவில்லை. லைன் தானாகத்தான் ட்ரிப் ஆனது. அண்ணி போன் மேல் போன் போட்டார். வேலை தலைக்கு மேல் இருந்தது, எடுக்கவில்லை. கரண்ட் வந்தபோது அண்ணன் இல்லை.

ஏன் அண்ணன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். ஊரான் வீட்டு உயிரை எடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வெறுமனே கரண்ட் போயிருந்தால் நாலு பேர் விசிறிக்கொண்டு மறந்திருப்பார்கள். சாவு வீட்டுக்கு வந்த மேலதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அப்பவே சொன்னியேய்யா" என்று அழுதார். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வயிறு நிறைந்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. காலையிலேயே சுமையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் லைன் தப்பியிருக்கும். தெற்கு லைனையே மாற்ற அனுமதி கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் வேலை தொடங்கும் என்று முந்தின நாளே மேலதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். மாற்றிவிட்டால், நான் சொன்னது சரி என்று அப்புறம் யாருக்குத் தெரியும்? எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாரம்தான், சார்.