ஒரு காலிக் கேசட்டைத் தேடி

நாகர்கோவிலில் இருந்து குளச்சல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் அலுத்துக்கொண்டார்: "ஒரு காலிக் கேசட்டுக்காக டவுண் முழுசும் அலைஞ்சேன் மக்கா. கடைக்காரன் சிரிக்கான்."

பக்கத்தில் இருந்தவருக்கு ஆச்சரியம். "ஒனக்க கேசட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, பெட்டியோட பழைய சாமான் வாங்குத ஆக்கர் கடையில போட்டாச்சுன்னு பெருமையடிச்சியே?"

"ஏத்தினதுதான் வினை. மவனுக்க நிச்சயத்துக்கு வீடு நிறைய ஆளு. கம்ப்யூட்டர் தன்னால ஒவ்வொரு பாட்டாப் பாடுது. திடீர்னு எனக்க பெண்டாட்டிக்க குரல்."

"பாடினாளா?"

"நான் சவுதியில கெடந்தப்போ, லெட்டருக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவா இல்லியா? அதையும் சேத்து ஏத்தியிருக்கேன். 'நீங்க அனுப்பின சீலையில நல்லதையெல்லாம் ஒங்க தங்கச்சி பொறுக்கிட்டுப் போயிட்டா, அவளுக்குப் பருந்துக் கண்ணு'ன்னு ஸ்பீக்கர்ல முழங்குது. தங்கச்சி பந்தியில இருந்து சாப்பிடுதா."

"ஒடனே நிறுத்தப்பிடாதா?"

"டேப்புன்னா ஓங்கி ஒரு அமுக்கு, தீந்துது. இதுல மவுசைப் பிடிச்சு எங்கயோ அமுக்கினேன், சத்தம் கூடிட்டு."

பின்னால் நான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி கோவிச்சிருப்பாளே. அத்தைக்காரி வராம மவன் கல்யாணத்தை எப்படி நடத்துவே?"

"வாறேன்னுதான் சொல்லுதா. ஆனா அந்தப் பேச்சை மொதல்ல ஒரு கேசட்டுல போட்டுக் குடுக்கணுமாம். மறுபக்கத்துல அவ பதில் பேசி எனக்க பெண்டாட்டிக்கு அனுப்புவாளாம்."

"அதுக்குச் சின்னக் கேசட்டு போதுமே?"

"தொண்ணூறு நிமிஷக் கேசட்டுதான் வேணுமாம் மக்கா."