முந்நூற்றெழுபது வாட்

காபி நன்றாக இருந்தது ஐயா. ஸ்டேஷனில் இப்படியொரு காபியை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் சொன்ன சுவிட்ச், விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கேமரா, கதவுப் பூட்டு, போன் எல்லாவற்றுக்கும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தருகிற பெட்டி. அதற்கு எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. தொண்டாமுத்தூர் குளிர்பதனக் கிடங்குக்கு 370 எழுதினேன்.

பீளமேடு ஆபீஸில், எல்லார் முன்னாலும், என் மேலாளர் சாய்ப்ரியா அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க ரூபன், பன்னெண்டு கேமராவும் ஒண்ணாத் திரும்புனா இது தாங்காதுங்களே. கூட்டிப் பாக்கறதுல இத்தனை அஜாக்கிரதைங்களா?"

சிரித்தார்கள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அவர் சொன்னதும் சரிதான். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

740 ஆக மாற்றச் சொன்னார். "மாத்திப்போட்டேனுங்க" என்றேன். மாற்றவில்லை.

சும்மா நிற்கும் கேமராவுக்குப் பதினைந்து வாட் போதும். திரும்பும்போது முப்பது. பன்னிரண்டும் திரும்பினால் 360, மீதி பத்து. மைனஸ் இருபது டிகிரியில் இருக்கும் உறைபதன அறையின் பூட்டுக்குப் பதினைந்து வேண்டும், உள்ளே இருக்கும் போனுக்குப் பன்னிரண்டு. மின்சாரம் போதாதபோது எதை முதலில் அணைப்பது என்று சுவிட்சுக்குச் சொல்லிவைக்கலாம். அந்த இரண்டையும் சொல்லிவைத்தேன். மின்சாரம் இல்லாவிட்டால் அந்தப் பூட்டுத் திறக்காது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்கில் ஆள் கிடையாது. "உறைபதன அறைக்குள்ள ஒரு கேமரா மங்கலாத் தெரியுதுங்க, ஒரு எட்டுப் பாத்துருங்க" என்று அவருக்குப் போன் செய்தேன். லீவு நாள் என்றும் பார்க்காமல் போனார். அவர் அந்த அறைக்குள் போய்க் கதவு சாத்திக்கொண்டதும், நான் ஆபீஸில் இருந்தபடி எல்லாக் கேமராவையும் சுற்ற விட்டேன். சாயங்காலம் வரை நிறுத்தவில்லை.

உள்ளே இருக்கும் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதவை இழுத்துப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்தபடி விரல்விட்டு எதையோ எண்ணினார். எண்ணி முடித்ததும் கை கூப்பினார். அதற்குள் கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

கணக்கில் பிசகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். வாசலில் என் மனைவியும் மகளும் நிற்கிறார்கள். எனக்கும் வீட்டுக்குப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. பேனாவை மூன்று முறை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தத் தாளில் அவர் இறந்ததற்குக் காரணம் 'அஜாக்கிரதை' என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அதை அடித்துவிடுங்கள். இந்த முறை நான் கூட்டிப் பார்த்துத்தான் வைத்தேன். ஒரு வாட்கூடத் தப்பவில்லை.