விடை சொல்லாத வகுப்பு

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். செவிலியர் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் குதிகால் இரண்டும் போய்விட்டன. இப்போதெல்லாம் நாற்காலியைக் கண்டால் எனக்குத் தனிப் பாசம்.

என் மாணவி ஒருத்தி உங்களுக்கு எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். ஆறாம் கட்டில்காரர் இறந்ததற்குத் தான் தாமதமாக வந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்து நடுங்கினாலும் எழுத்துப் பிழை இல்லை. தகவலில்தான் பிழை இருக்கிறது. மாணவியின் தாளில் பிழையைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முதலில் எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை வழிக் கற்றல் என்பார்கள். ஒரு நோயாளியின் கதையைத் தாள் தாளாகக் கொடுப்போம். ஐந்தாறு மாணவிகள் வட்டமாக உட்கார்ந்து, தெரிந்தது எது, தெரியாதது எது என்று தாங்களே பிரிப்பார்கள். தெரியாததை நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து குழுவுக்கு விளக்க வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. நல்ல முறை, அதன் மேல் பழி போடாதீர்கள். தாளில் இருக்கும் நோயாளி சாகமாட்டார், அது ஒன்றுதான் அதில் குறை என்று எனக்குத் தோன்றியது.

என் கணவருக்குப் பித்தப்பையில் கல். சின்ன அறுவைச் சிகிச்சைதான். மறுநாள் அவரைக் கவனித்துக்கொண்டவள் என் பழைய மாணவி. உள்ளே ரத்தம் கசிந்தால் என்னென்ன அறிகுறி தெரியும் என்று என்னிடமே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். அவருடைய நாடி ஏறிக்கொண்டே போனதை மணிக்கு மணி அழகாகக் குறித்து வைத்திருந்தாள். குறித்தாளே தவிர, பார்க்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். எனக்கு அவர் மேல் உயிர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், என் வீட்டிலேயே அதைப் பார்த்தேன். அவளை நான் திட்டவில்லை. அவளுக்கு அப்படிக் கற்பித்தவள் நான்தானே.

இரண்டு வருடம் கழித்து, அதே அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவர் எங்கள் கல்லூரி மருத்துவமனையில் ஆறாம் கட்டிலுக்கு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மாணவிகள் ஐந்து பேரை அவரிடம் விட்டேன். தாளுக்குப் பதில் ஆள்.

"ஏம்மா, ஆளாளுக்கு வந்து கையைப் பிடிக்கிறீங்க. என் கல்யாணத்துலகூட ஒருத்திதான் பிடிச்சா," என்றார் அவர். பக்கத்தில் இருந்த மனைவி செல்லமாக முறைத்தார். நானும் சிரித்தேன். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

ஒன்பது மணிக்கு நாடி எண்பத்து நான்கு. பத்துக்குத் தொண்ணூற்றாறு. பதினொன்றுக்கு நூற்றெட்டு. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பதறமாட்டார்கள், வரிசையாகப் பார்க்க வேண்டும். நான் பதினொரு மணிக்குப் பார்த்தேன். அவர் கை சில்லிட்டிருந்தது.

"தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருக்காருங்க, குடுக்கலாமா?" என்றார் மனைவி. ஈரத் துணியால் உதட்டை மட்டும் நனைக்கச் சொன்னேன். வார்டு சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து, "ஆறாம் பெட் எப்படி இருக்காரு மேடம்?" என்று கேட்டார்.

"எங்க பொண்ணுங்க பாத்துக்கறாங்க. நீங்க மத்தவங்களைப் பாருங்க," என்றேன். அவருக்கு முப்பது நோயாளிகள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வார்டை ஒட்டிய அறையில் குழு உட்கார்ந்தது. கடிதம் எழுதிய அந்தப் பெண் பதினொன்றரைக்குப் பேசினாள். குரலே எழும்பாது என்பதால் தோழிகள் அவளுக்கு முணுமுணு என்று பெயர் வைத்திருந்தார்கள். "மேடம், பல்ஸ் ஏறிக்கிட்டே போகுது. உள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடலாமா?"

"பயமா இருக்குன்னா ஆச்சா? காரணம் கேட்டா டாக்டர் முன்னாடி திருதிருன்னு முழிப்பியா? படிச்சிட்டு வா," என்றேன்.

நூலகம் வளாகத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஓடினாள். இரண்டு மணி வரை தாங்குவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். என் கணவர் தாங்கினார்.

பன்னிரண்டு பத்துக்குத் திரும்பினாள். புத்தகத்துக்குள் விரலை வைத்திருந்தாள், மூச்சு வாங்கியது. "அதேதான் மேடம், வாங்க போலாம்," என்றாள். உட்காரச் சொன்னேன். குழுவுக்கு முழுதாக விளக்கச் சொன்னேன். எட்டு நிமிடம் பேசினாள். நடுவில் இரண்டு முறை கதவைப் பார்த்தாள், மற்றபடி ஒரு வார்த்தை தப்பில்லை. நான் குறுக்கிடவில்லை. முழு மதிப்பெண் போட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட அவளையே அனுப்பினேன்.

அறுவை அரங்கின் வாசல்வரைகூட அந்த ஓட்டுநர் போய்ச் சேரவில்லை, அதற்குள் உயிர் போய்விட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், கூப்பிடப் போனவள் அவள் என்பதால். இறந்தவரின் மனைவி கையில் அந்த ஈரத் துணியோடு வந்து எனக்கு நன்றி சொன்னார். பிள்ளைகள் காலையிலிருந்து மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார்களாம்.

தாழ்வாரத்தில் அந்தப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நான் லேட் பண்ணிட்டேனா மேடம்?"

"நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

ஆகவே கடிதத்தில் திருத்தம் இதுதான். அவள் பதினொன்றரைக்கே கண்டுபிடித்துவிட்டாள். நான் பதினொன்றுக்கே கண்டுபிடித்தேன். டாக்டரின் அறை அங்கிருந்து இருபது அடி. தெரிந்தே அந்த மனிதரைச் சாகவிட்டவள் நான். கொன்றேன் என்று எழுதிக்கொண்டாலும் மறுக்கமாட்டேன்.

அவள் படிப்பை விட்டுவிட்டு, அக்காவின் தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். யாராவது கையை நீட்டினால் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் உருவாக்கிய ஒரே உண்மையான செவிலி அவள்தான்.