புது பிராசசர் ஏறிய காலை

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. காற்று முகத்தில் அடித்தால் எனக்குத் தும்மல் வந்துவிடும்.

எண்ணூர் அமோனியா கிடங்கில் கணினிப் பொறுப்பாளர் நான்தான். பழைய சர்வர்கள் மூன்றும் ஒரே கூட்டாக ஓடின. சம்பளம், கேட் பாஸ், வாயுக்கசிவு அலாரம் என்று ஒவ்வொன்றுக்கும் அவற்றுக்குள் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது மென்பொருளாகவே ஓடும் தனிக் கணினி. இரண்டாயிரத்து ஒன்பதில் புது சர்வர்கள் வந்து அதே கூட்டில் சேர்ந்தன. கூட்டின் அமைப்பில் பிராசசர் வகையை மாற்றினால்தான் அவற்றின் முழு வேகமும் கிடைக்கும். மாற்றவேண்டுமானால், உள்ளே ஓடும் அத்தனையையும் அணைத்துவிட்டுத் திரும்ப எழுப்ப வேண்டும்.

தொட்டி யார்டு சூப்பர்வைசர் வெள்ளத்துரைக்கு இது மட்டும் ஏறவே இல்லை.

"டேங்கர் எறங்கிக்கினு கீது சார். இப்ப போயி அலாரத்த அணைக்கிறேன்றியே. அப்பால பாத்துக்கலாம்."

அவருடைய 'அப்பால' ஒரு மழைக்காலத்தையே விழுங்கியது. உலகத்தில் மூச்சு விடுகிறவர்கள் தன்னுடைய ஆட்கள் மட்டும்தான் என்ற நினைப்பு அந்தப் பெரிய மனிதருக்கு. தலைமை அலுவலகத்திலோ, புது சர்வர் ஏன் தூங்குகிறது என்று என்னைத்தான் கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, யாருக்கும் தொந்தரவு தராமல், அதாவது சொல்லாமல், ஆரம்பித்தேன். சம்பளம் அணைந்தது. கேட் பாஸ் அணைந்தது. கடைசியாக அலாரம். அதன் திரையில் வாயு அளவு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டால் சைரன் அடிக்கும், எல்லாரும் ஓடுவார்கள், கமிட்டி உட்காரும், என் வேலை மறுபடியும் 'அப்பால' போய்விடும். தொடுவதற்குள் அணைத்தேன்.

வெள்ளத்துரை போன் செய்தார். "சார், கண்ணு எரியுது. மீட்டர் இன்னா காட்டுது?"

"ஒண்ணும் காட்டலையே."

அதில் பொய் எதுவும் இல்லை, ஐயா. அணைந்த கணினி எதைக் காட்டும்?

"அப்ப சரி சார். நானும் வால்வாண்ட போயி பசங்களோட நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அவரோடு சேர்த்து ஐந்து பேர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தம்தான். அந்த மனிதர் என் பேச்சை மறுக்காமல் கேட்ட ஒரே தடவை அது.

ஆனால் பொறுப்பற்றவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வகையை மாற்றிய கையோடு முதலில் அலாரத்தைத்தான் எழுப்பினேன். எழுந்த மறுநொடியே சைரன் அடித்தது. பழைய சர்வரில் இந்த வேகம் வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.