சக்கர அக்கா பூட்டிய ஸ்பேசர்

மேடையில் அமர்ந்திருக்கும் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஓட்டுநர் தோழர்களே, பட்டறைத் தொழிலாளர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் மகளே, வணக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் ‘சக்கர அக்கா’ என்று அழைத்தவரின் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் நான். அவர் காலமான மறுநாள் காலை பட்டறையைத் திறந்தேன். கம்ப்ரசரைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். எதற்குப் போட்டேன்? தெரியவில்லை.

அதோ, தூணோரம் நிற்கிறாரே மணல் லாரித் தம்பி, அவர் ஒருநாள் வேறு வண்டியின் சக்கரங்களை வாங்கி வந்தார். அவை உள்ளே தள்ளி உட்காரும் வகை. பூட்டினால் பிரேக்கில் உரசின. வெளியே தள்ள, இடையில் ஸ்பேசர் என்னும் இரும்பு வளையம் வேண்டும். எங்கோ வாங்கிய ஸ்பேசரையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“இதச் சொருகி விட்டுடுங்கக்கா. லோடு நிக்குது.”

அக்கா அதைச் சக்கரம் பூட்டும் நடுக்குடமான ஹப்பில் வைத்துப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது.

“இது என்ன கொலுசா தம்பி, குலுங்கறதுக்கு? நட்டு பிடிக்க போல்ட்டுல மரையும் பத்தாது.”

ஹப்பில் கச்சிதமாக உட்காரும்படி புதிதாக ஒரு ஸ்பேசரை என்னைக் கடையச் சொன்னார். நீளமான போல்ட்டுகள் போட்டார். “கொஞ்சம் ஓட்டிட்டு வா. நட்டெல்லாம் மறுபடி முறுக்கணும்” என்றார்.

தம்பி வரவில்லை. யார்தான் வருவார்கள்? நீங்கள் வருவீர்களா? அக்கா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மணல் கிடங்குக்கே போனார்! லோடு ஏற்றிக் கிளம்பிய வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

“நகருங்கக்கா, நேரமாச்சு!”

“என் மேல ஏத்திட்டுப் போ. இல்லேன்னா இறங்கு.”

இறங்கினார். இடது சக்கரத்தில் சில நட்டுகள் வெறும் விரலுக்கே சுழன்றன. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேபினில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அக்கா திட்டவில்லை. முறுக்கி முடித்தார், கிளம்பினார்.

அப்படிப்பட்ட பெருமாட்டியை, “கொஞ்சம் தண்ணி குடுப்பா” என்று கேட்ட இடத்திலேயே மார்வலி கொண்டுபோய்விட்டது. நான் தண்ணீரோடு வந்தேன். குடிக்க ஆள் இல்லை.

பட்டறையில் ஒரு லாரி இன்னும் ஜாக்கி மேல் நிற்கிறது. ஒரு பக்கம் அக்கா பூட்டிய சக்கரம். மறுபக்கம் வெறும் ஹப். யாரும் தொடவில்லை. இன்று காலை அவர் மகள் வந்து, “மாமா, வண்டிக்காரர் பாவம், காத்துக்கிட்டு இருக்காரு” என்றாள்.

நாளை பூட்டுவோம், மகளே. நீ சக்கரத்தைத் தாங்கிப் பிடி; நான் நட்டைப் போடுகிறேன். இந்தச் சபையின் முன்னால் என்னால் தரமுடிந்த உறுதி அவ்வளவுதான்.