வெறும் வயிற்று விருந்தாளி

சபேரா: முழியே சரியில்லையே. அந்த நர்ஸ் உங்ககிட்ட என்னதான் கேட்டா?

ஜுமா: பிள்ளை பேரு கேட்டா. மர்சியான்னு சொன்னேன்.

சபேரா: பேரு சொன்னதுக்கா நெத்தியெல்லாம் வேர்வை?

ஜுமா: பிள்ளையோட நெஞ்சைத் திறக்கப் போறாங்க, சபேரா ஜான். வேர்க்காதா?

சபேரா: நெஞ்சு அவளோடது. அவளே சிரிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா.

மர்சியா: சபேரா காலா, இந்தக் கட்டிலுக்குச் சக்கரம் இருக்கு!

சபேரா: ஆமாண்டி கண்ணு. கொஞ்ச நேரத்துல உன்னை அதுல தள்ளிக்கிட்டுப் போவாங்க. தூங்கி எந்திரிச்சா நெஞ்சுல இருக்கிற ஓட்டையைத் தைச்சிருப்பாங்க. அப்புறம் உன் அம்மா இருக்கிற கஸ்னிக்குப் போய் மூச்சு வாங்காம ஓடலாம்.

மர்சியா: ஆட்டுக்குப் பின்னாடி ஓடலாமா?

ஜுமா: ஆட்டுக்கு முன்னாடியே ஓடலாம்.

சபேரா: பேச்சை மாத்தாதீங்க. வேற என்ன கேட்டா?

ஜுமா: ம்... ராத்திரியிலேருந்து பிள்ளை ஏதாவது சாப்பிட்டாளான்னு...

சபேரா: நீங்க?

ஜுமா: இல்லைன்னேன்.

சபேரா: அவகிட்ட கேட்டுத்தானே சொன்னீங்க?

ஜுமா: கேட்காமலே மொழிபெயர்த்துட்டேன்.

சபேரா: மொழிபெயர்க்கத்தான் நம்ம பாஷைக்காரர் ஒருத்தரை ஆஸ்பத்திரியிலேருந்தே அனுப்பறேன்னாங்களே?

ஜுமா: நான் இருக்கிறப்ப இன்னொருத்தர் எதுக்குன்னு சொல்லிட்டேன்... மெல்போர்ன்ல நம்ம ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் நான்தானே?

சபேரா: பெருமைக்குக் குறைச்சல் இல்ல. டைல்ஸ் ஒட்டறப்ப ஒரு நூல் பிசகினாலே மொத்தத் தரையையும் பேர்த்தெடுக்கிற ஆளு. இங்க மட்டும் கேட்காம பதில் சொல்வீங்களோ? என் கண்ணைப் பாருங்க.

ஜுமா: சுவத்துல அந்தக் கரடி படம் நல்லாயிருக்குல்ல...

சபேரா: ஜுமா!

ஜுமா: பேரைச் சொல்லிட்டியே! கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

சபேரா: பிள்ளைக்கு ஏதாவது குடுத்தீங்களா?

ஜுமா: ...ரொட்டி. ஒரு துண்டு. டீயில நனைச்சு. நீ விடியக்காலைத் தொழுகையில இருந்தப்ப.

சபேரா: யா அல்லா!

ஜுமா: மெதுவா. அவ பயந்துடுவா.

சபேரா: டாக்டர் எவ்வளவு தெளிவா சொன்னாரு! மயக்கத்துல இருக்கிறப்ப வயித்துல உள்ளது மேல ஏறும், நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்துன்னு... அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதே நீங்கதான்!

ஜுமா: சொல்றப்ப எல்லாம் புரிஞ்சுது. அவ என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, 'மாமா, பசிக்குது'ன்னா பாரு... அதோட போச்சு. நம்ம வீட்டுலேருந்து யாராவது வெறும் வயித்தோட வாசல் தாண்டியிருக்காங்களா? கரண்ட் மீட்டர் பாக்க வந்தவனையே உக்காரவச்சு போலானி தின்னவச்சவதானே நீ?

சபேரா: அவனுக்கு யாரும் நெஞ்சைத் திறக்கலையே!

ஜுமா: ரெண்டாவது தட்டு வேண்டாம்னு அவன் சொன்னப்ப நீ பார்த்த பார்வையில அவன் நெஞ்சு நின்னுருக்கும்.

சபேரா: சிரிக்காதீங்க. சிரிக்கிற நேரமா இது?

ஜுமா: சிரிக்கலை. என் முகம் அப்படி... ஒரு துண்டுதானே. இந்நேரம் செரிச்சிருக்கும். இல்ல?

சபேரா: என்னைக் கேட்டா? நான் என்ன டாக்டரா?

ஜுமா: இப்பப் போய்ச் சொன்னா இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. அடுத்த தேதி எப்பவோ. பள்ளிவாசல்ல நம்ம சனமே உக்காந்து துஆ ஓதிக்கிட்டிருக்கு. 'ஏன் தள்ளிப்போச்சு'ன்னு கேப்பாங்க.

சபேரா: டாக்டருக்கு உடம்பு சரியில்லைன்னு...

ஜுமா: ஏற்கெனவே ஒரு பொய். இப்ப டாக்டரையும் படுக்க வைக்கணுமா?

சபேரா: ...வேண்டாம். உண்மையையே சொல்லுங்க. எந்திரிங்க.

ஜுமா: அந்த டாக்டர், நர்ஸ் முகத்துல எப்படி முழிப்பேன்? 'படிக்காத காட்டான், சோறு போட்டே கொல்லப் பாத்தான்'னு நினைக்க மாட்டாங்களா?

சபேரா: நினைக்கட்டும். பெத்தவங்க நம்மளை நம்பி கடல் தாண்டி அனுப்பின பிள்ளை அது. நம்ம மானத்துக்காகவா அதை உள்ள தள்ளிவிடறது?

ஜுமா: நீயும் கூட வாயேன்.

சபேரா: நான் எதுக்கு?

ஜுமா: ஒரு துணைக்கு.

சபேரா: பிள்ளையைத் தனியா விட்டுட்டா?

மர்சியா: மாமா, எங்க போறீங்க?

ஜுமா: திட்டு வாங்கிட்டு வரேன், மர்சியா ஜான்... சரி, அரைத் துண்டு ரொட்டின்னு சொல்லிடறேன்.

சபேரா: ஒரு துண்டுன்னீங்களே!

ஜுமா: சரி, ஒண்ணு. முழுசா ஒண்ணு.

சபேரா: நில்லுங்க...

ஜுமா: இப்ப என்ன?

சபேரா: அந்த நர்ஸ் வர்றா. கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போகத்தான் வர்றா. ஓடுங்க!

ஜுமா: நில்லுங்கிற, ஓடுங்கிற...

சபேரா: ரொட்டியோட நிறுத்திடாதீங்க. நீங்க காரை எடுக்கப் போனப்ப கஸ்னியிலேருந்து இவ அம்மா போன் பண்ணா. 'என் பொண்ணு ஏதாவது சாப்பிட்டாளா, அக்கா'ன்னா. பெத்தவகிட்ட எப்படிங்க பொய் சொல்றது... ஒரு கிண்ணம் மலிதா. நெய்யும் சர்க்கரையும் போட்டு நானே ஊட்டிவிட்டு, அப்புறம்தான் 'சாப்பிட்டுட்டா'ன்னு சொன்னேன்.