தங்கைக்கு ஏற்ற ஸ்கிரீன்

பழைய ரெட்டை லென்ஸ் கேமராவுக்கு ஃபோகஸ் ஸ்கிரீன் மாற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிச்சமாக இருப்பதைத்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். துணிக் கடைக்குப் போனாலும் பளிச்சென்று இருப்பதன் மேல்தான் நமக்குக் கை போகிறது. ஆனால் ஸ்கிரீன் விஷயத்தில் அது பெரிய தப்பு, மேடம். யாருக்கு, எதற்கு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, விஷயத்துக்கு வா என்று உங்கள் முகம் சொல்கிறது. இதுதான் விஷயம். இது புரியாவிட்டால் நீங்கள் என்னை ஏதோ ராட்சசன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

அந்தக் கேமராவில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் இருக்கும். கீழே இருப்பது ஃபிலிமுக்கு, மேலே இருப்பது நமக்கு. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். அந்தக் கண்ணாடிதான் ஸ்கிரீன். அது உட்கார வேண்டிய உயரத்தில் சரியாக உட்கார்ந்தால், அதில் துல்லியமாகத் தெரிவது ஃபிலிமிலும் துல்லியமாக விழும். கொஞ்சம் உயர்ந்தாலும் போச்சு. நீங்கள் ஆளின் கண்ணைப் பார்த்து ஃபோகஸ் வைப்பீர்கள். படத்தில் அவருக்குப் பின்னால் உள்ள சுவர் தெளிவாக இருக்கும், முகம் மசமசவென்று இருக்கும்.

என் தங்கை அந்தப் பெட்டியில்தான் படம் எடுப்பாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. எனக்கு இன்னும் குட்டிதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட நான்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே என்று வரும். வாயைத் திறக்காமல் அப்படியே பள்ளிக்கூடம் போவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தலை வழுக்கையாகிவிட்டது. அந்தக் கவலையும் விட்டது. முன்னறையில் நான் கேமரா பழுது பார்ப்பேன். நடு அறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு அவள் படம் எடுப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான். அவள் தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்வேன்.

பூட்டுக்காரர், செருப்புத் தைப்பவர், பேருந்து ஓட்டுபவர் என்று வேலை செய்கிறவர்களை, கையில் அவர்கள் வேலைச் சாமானோடு எடுப்பாள். நன்றாகவே எடுப்பாள், அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கேயோ அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு கப்பல் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் அவர்கள் கப்பலிலேயே போய், துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் படம் எடுக்க வேண்டுமாம்.

"ஒரு வருஷம்தாண்ணா. அப்புறம் இங்கதானே இருக்கப் போறேன்?" என்றாள்.

"போயிட்டு வா. யாரு வேணாங்கறா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கிளம்பறதுக்குள்ள ஸ்கிரீன் மட்டும் மாத்திக் குடு. ஓரமெல்லாம் ஒரே இருட்டா இருக்கு."

அதை அன்றே மாற்றிக் கொடுத்தேன். நல்ல கண்ணாடிதான் போட்டேன், ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம்தான் கீழே பார்க்க வேண்டும், ஏனென்றால் படம் அதில்தான் விழுகிறது. அன்றைக்கு எனக்குக் கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். தலைகீழாகப் பொருத்திவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. தெரிந்து செய்யவில்லை, இதை நீங்கள் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஸ்கிரீனோடு எடுத்த ஒரு பூட்டுக்காரரின் படத்தைக் கழுவி வெளியே கொண்டுவந்தாள். பின்னால் இருந்த சுவரின் விரிசல் அவ்வளவு தெளிவு. முகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி இருந்தது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. குட்டி, பொறு, என் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"நீ மாட்டினது தப்பா இருக்காது. என் கண்ணுதான் ஏதோ ஆயிடுச்சு போல. இப்படி இருந்தா கப்பல்ல போயி என்ன பண்றது?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். வாயை மூடிக்கொள்வதற்கெல்லாம் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கப்பல்காரர்களிடம் அடுத்த கப்பலில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்று அவளே டீ போட்டுக் கொண்டுவந்து, என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

தலைகீழ்க் கண்ணாடியை நகம் பட்டாலே கண்டுபிடித்துவிடலாம், அதனால் அப்படியே விட முடியாது. அப்போதுதான் எந்த ஸ்கிரீன் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். நடுவில் வட்டம் இருக்கும் ஒரு வகை உண்டு. ஃபோகஸ் விலகினால் வட்டத்துக்குள் உருவம் இரண்டாக வெட்டிக்கொண்டு நிற்கும். உயரத்தைச் சரியாக வைத்தால் அதைப்போல உதவி கிடையாது. ஆனால் அவள் அதில் ஒரேயடியாக நம்பிக்கை வைத்துவிடுவாள். படம் கெட்டால் பழி பெட்டி மேல்தான் விழும். சாதாரணக் கண்ணாடி மங்கல், ஆனாலும் பொய் சொல்லாது. மிச்சம் இருந்தது வெளிச்சமான பிளாஸ்டிக். அது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் முதலாளியிடம் பேசுவது மாதிரி, ஃபோகஸை முன்னால் வைத்தாலும் சரி என்னும், பின்னால் வைத்தாலும் சரி என்னும். அதைத்தான் போட்டேன். அதற்கு அடியில் நாலு மூலையிலும் மெல்லிய பித்தளைத் தகட்டைத் துண்டு வெட்டி வைத்தேன். சில நாள் எடுத்துவிடுவேன், சில நாள் வைப்பேன். கண் கெடுவது என்றால் ஒரே சீராகவா கெடும்?

"எவ்வளவு வெளிச்சம்ணா! இதுலயும் தப்பா வருதுன்னா கண்ணேதான்," என்றாள். அவள் அழுததைத் தாங்க முடியாமல் நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

கண் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெளிச்சத்தை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு பிரமாதமா இருக்கும்மா. கொஞ்சம் வறட்சி, அவ்வளவுதான்," என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்ப பெட்டியிலதான் தப்பு," என்றாள்.

"வா, பாத்துடலாம்," என்றேன். பித்தளைத் துண்டுகளை முன்பே கழற்றி வைத்திருந்தேன். பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒரு சொரசொரப்பான கண்ணாடியை வைத்து, மேலே ஸ்கிரீனிலும் கீழே அந்தக் கண்ணாடியிலும் படம் விழுவதை ஒரே சமயத்தில் காட்டினேன். இம்மி பிசகில்லை. குற்றவாளி பெட்டியும் இல்லை, கண்ணும் இல்லை. பாவம், குழம்பிப் போனாள். அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் என்னை இக்கட்டில் மாட்டிவிட்டது.

"பக்கத்துத் தெரு ஸ்டுடியோவுல ஒரு கேமரா இரவல் கேட்டிருக்கேன். அதுல எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்ல? ஞாயித்துக்கிழமை தரேன்னாங்க."

நீங்களே சொல்லுங்கள், மேடம். இரவல் கேமராவில் படம் கண்ணாடி மாதிரி வரும். என் பிழைப்பு, என் பெயர் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணன் பொய் சொன்னான் என்று அந்தப் பெண் எப்படித் தாங்குவாள்? பெட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்றால், கண் பெட்டியோடு ஒத்துப் போக வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

என் மேஜையில் லென்ஸ் துடைக்க, துரு எடுக்க என்று பல புட்டிகள் உண்டு. மருந்து பாட்டிலில் எதைக் கலந்தேன் என்று உங்கள் அறிக்கையில் போட்டிருக்கிறது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். முதலில் மிகக் கொஞ்சம்தான். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்ள அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். நாற்காலியில் சாய்ந்து, தலையை என் மேல் வைத்து, இமையை நானே விரித்துவிட வேண்டும். "எரியுதுண்ணா," என்பாள். "நல்ல மருந்துன்னா எரியத்தான் செய்யும்," என்று ஊதிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவல் கேமராவிலும் முகங்கள் மசமசவென்றுதான் வந்தன. பெட்டியின் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு போயிற்று.

மறுபடி டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் நான், பொறு, மருந்து வேலை செய்யட்டும் என்றேன். அதன்பிறகு வந்த மாதங்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக என்றைக்குமே இருந்ததில்லை. டேப் வைத்து தூரத்தை அளந்து, பெட்டியின் பக்கத்துக் குமிழைத் திருப்பி நான் ஃபோகஸ் வைப்பேன். ஆள் எப்படி உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அவள் காதோடு சொல்வேன். அவள் பட்டனை அழுத்துவாள். படங்கள் அப்படியொரு துல்லியம். வலது கண்ணில் ஒன்றுமே தெரியாமல் போனது, இடதில் ஜன்னல் எது சுவர் எது என்கிற அளவுக்குத் தெரிந்தது. தெருவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். கப்பல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் செய்த ஒரே முட்டாள்தனம், அவளுக்குக் காட்டி முடித்ததும் மறுபடி உள்ளே வைத்த அந்த நாலு துண்டுகளை எடுக்க மறந்தது. டேப் வைத்து அளக்கிறவன் ஸ்கிரீனை எதற்குப் பார்க்கப் போகிறான்? கண் தெரியாவிட்டாலும் பெட்டியைத் துடைப்பதை மட்டும் அவள் விடவில்லை. ஒரு நாள் காலை கிளிப் ஒன்று நழுவி, ஸ்கிரீன் அவள் விரலோடு வந்துவிட்டது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, ஸ்கிரீனுக்கு அடியில ஏதோ வச்சிருக்க."

"ஆடாம இருக்கறதுக்குடா."

"நாலு மூலையிலயும் இருக்கே. எல்லாம் ஒரே கனம். ஆட்டத்துக்குன்னா ஒரு மூலையிலதானே வைப்ப?" என்றாள்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதானே. மாலையில் மருந்தோடு போனேன். அவள் நாற்காலியில் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இன்னைக்கு வேணாம். அந்த பாட்டிலை என் கையில குடு."

கொடுத்துவிட்டேன். அவள் கேட்டதை நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது, மேடம். யாரோ ஒரு தையல்காரி.

ஆக, ஸ்கிரீனுக்கு அடியில் தகடு வைத்தது நான். மருந்தில் கலந்தது நான். என் தங்கையின் கண்ணைக் கெடுத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பயந்தோ யாரும் மிரட்டியோ சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மரியாதையாகத்தான் நடத்தினீர்கள்.

ஒரே ஒரு உதவி. வெளியே நிற்கும் காவலர் சொல்லித்தான் தெரியும்: வலது கண் போனது போனதுதானாம், இடது கண்ணுக்கு மட்டும் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்ப வழி இருக்கிறதாம். அவள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வியே, தனியாகப் போய்வர முடியுமா என்பதுதானாம். இப்படித்தான் அவள் எதற்கும் பறப்பாள். நீங்கள் அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். இடது கண் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் வீட்டுக்குத் திரும்பி வரும் வரையிலாவது.